எண்ணி விழுங்கும் மாத்திரையும் எண்ணம் தடுமாறும் மூளையும்

மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளுள் பெரும்பாலானவற்றை உட்கொள்வதற்கு நினைவாற்றல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று சில நாட்களிலேயே கை பழகிவிடுகிறது. கோர்ட்டிகோஸ்டீரொயிட் என்று அழைக்கப்படும் மருந்துகள் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. தொழுநோயில் நரம்புகள் திடீரென வீங்கி வலிக்கும்போது பிரெட்னிசலோன் கொடுப்பதற்கு நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்ட 12 வார முறையில், நாளொன்றுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கும் அளவு இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை 30, 20, 15, 10, 5 என்று படிப்படியாக இறங்குகிறது. 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கணக்கிட்டால், நாளுக்கு எட்டு, பிறகு ஆறு, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று மாறிக்கொண்டே செல்லும் 336 மாத்திரைகளை, இன்று எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை மறவாமல், நோயாளி எண்ணி விழுங்கியாக வேண்டும். இவ்வளவு கணக்கான நினைவைக் கேட்கும் அதே மருந்து, உட்கொள்வோரில் ஒரு பகுதியினரின் நினைவையும் மனநிலையையும் தடுமாறச் செய்கிறது. ஆகவே ஸ்டீரொயிட் நோயாளியின் மூளையைப் பாதுகாப்பது என்பது மூளைக்குள் நிகழ்வதை அறிவதோடு நின்றுவிடுவதில்லை. நோயாளியின் நினைவு செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதியை அவருக்கு வெளியே, தாளிலும் வீட்டாரிடத்திலும், ஏற்றி வைப்பதும் அதில் அடங்கும்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில், தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளரும் கஹவத்தைச் சரிவுகளில் வாழும் தோட்டக் குடும்பங்களுக்கு இம்மருந்து அந்நியமானதன்று. ஆஸ்துமா எனப்படும் இழுப்பு நோய், மூட்டுவாதம், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் லூபஸ், சிறுநீரில் புரதம் கழிந்து குழந்தையின் முகமும் காலும் வீங்கும் நெஃப்ரோடிக் நோய், சில தோல் நோய்கள், சில புற்றுநோய்கள் ஆகிய அனைத்திலும் பிரெட்னிசலோனோ அதன் உறவு மருந்தொன்றோ இடம்பெறுகிறது. தோட்ட மருந்தகத்தில் தொடங்கி, கஹவத்தை வைத்தியசாலை வழியாக, இரத்தினபுரி போதனா வைத்தியசாலையின் கிளினிக் வரை செல்லும் நோயாளியை மருத்துவர் மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்களே காண்கிறார். மற்ற நாட்களில் அவரைக் காண்பவர்கள் லயத்தில் உடன் வாழ்பவர்களும், மலையில் பக்கத்து நிரையில் கொழுந்தெடுப்பவர்களும் ஆவர். மருந்தால் வரும் மனமாற்றத்தை முதலில் கண்டறியக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் அவர்களே என்பதால், இவ்விடயத்தைப் பற்றிய அறிவு மருத்துவரிடம் இருப்பதைப் போலவே அவர்களிடமும் இருக்க வேண்டியதாகிறது.

உடலின் சொந்தச் சரக்கு

சிறுநீரகங்கள் இரண்டின் மேலும் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அதிரீனல் சுரப்பிகள் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றன. ஓமோன் என்பது ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு ஓடி, வேறோரிடத்தில் வேலை செய்யும் இரசாயனத் தூதுப்பொருள். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலமஸ் கபச்சுரப்பிக்கும், கபச்சுரப்பி அதிரீனலுக்கும் கட்டளை அனுப்ப, சுரந்த கோர்ட்டிசோல் திரும்ப மூளையை அடைந்து ‘போதும்’ என்று அறிவிப்பதால், இந்தச் சங்கிலி தன்னைத் தானே அளவோடு வைத்துக்கொள்கிறது. விழித்தெழும் வேளையில் உச்சத்தில் இருக்கும் இதன் அளவு, நாள் செல்லச் செல்லக் குறைந்து, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வருகிறது. பிரெட்னிசலோனும் டெக்ஸாமெதசோனும் இந்த ஓமோனைப் பார்த்துச் செய்யப்பட்ட, ஆனால் அதைவிட வலிமையான செயற்கை வடிவங்கள்: 20 மில்லிகிராம் கோர்ட்டிசோல் செய்யும் வேலையை 5 மில்லிகிராம் பிரெட்னிசலோனும், முக்கால் மில்லிகிராம் டெக்ஸாமெதசோனும் செய்துவிடுகின்றன.

1948 செப்டெம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச் என்னும் மருத்துவர், எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த, கோர்ட்டிசோலின் உறவுப்பொருளான கோர்ட்டிசோனை, மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஓர் இளம்பெண்ணுக்கு ஊசியாகச் செலுத்தியபோது, சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டல் இருவருக்கும், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் சேர்த்து 1950இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வியப்புக்குப் பின்னாலேயே எச்சரிக்கையும் வந்தது. வலி நீங்கியதற்கு மேலான ஒரு களிப்பும், உறக்கமின்மையும், சிலரிடம் சித்தப்பிரமையும் மருந்தோடு சேர்ந்து வருவதை மருத்துவர்கள் முதல் சில ஆண்டுகளிலேயே குறித்து வைத்தனர்; கோர்ட்டிசோன் உட்கொண்டு ஆளே மாறிப்போகும் ஒரு பள்ளி ஆசிரியரைப் பற்றி 1956இல் ஹொலிவூட்டில் ஒரு திரைப்படமே எடுக்கப்பட்டது.

இந்த அபாயத்துக்கும் மருந்தின் அளவுக்கும் உள்ள தொடர்பை எண்களாகக் காட்டியது 1972இல் வெளிவந்த பொஸ்டன் ஆய்வு. மருத்துவமனையில் பிரெட்னிசலோனின் உறவு மருந்தான பிரெட்னிசோன் பெற்றவர்களுள், நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேற்படாத அளவு எடுத்தவர்களில் 1.3 சதவீதத்தினருக்கும், 41 முதல் 80 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் 4.6 சதவீதத்தினருக்கும், 80க்கு மேல் எடுத்தவர்களில் 18.4 சதவீதத்தினருக்கும் வெளிப்படையான மனநலப் பாதிப்பு ஏற்பட்டதாக அது பதிவு செய்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், அளவு கூடக்கூட வாய்ப்பும் கூடும் என்னும் இந்த முடிவு அரை நூற்றாண்டுக்குப் பின்னும் மாற்றமின்றி நிற்கிறது.

கடற்குதிரையின் கிளைகள்

மூளையின் இருபுறமும், காதுகளுக்கு உட்பக்கமாக, கடற்குதிரையின் உருவில் வளைந்து கிடக்கும் ஹிப்போகம்பஸ் என்னும் பகுதி, அன்றாட நிகழ்வுகளையும் சொற்களையும் புதிதாகப் பதிந்து, பின்னர் வேண்டியபோது மீட்டெடுக்க உதவுகிறது; நேற்று கணக்கப்பிள்ளை என்ன சொன்னார், காலையில் மாத்திரை போட்டாயிற்றா என்பன போன்ற நினைவுகள் இதன் பொறுப்பில் உள்ளவை. அதிரீனலின் ஓமோனை எலியின் மூளையில் தேடிய புரூஸ் மெக்யூவன், அது ஹிப்போகம்பஸில்தான் செறிவாகத் தங்குகிறது என்று 1968இல் கண்டறிந்தார். நோயையும் அழுத்தத்தையும் சமாளிக்கும் ஓமோன் நினைவின் களஞ்சியத்திலேயே சென்று அமர்கிறது என்பது அக்காலத்தில் எவரும் எதிர்பாராத செய்தி.

அங்கே அந்த ஓமோனைப் பற்றிக்கொள்ள, நரம்புக்கலங்களில் வாங்கிகள் எனப்படும் புரதங்கள் இருவகையாக உள்ளன என்பதை ரோன் டி குளோயெட்டும் யோஹானஸ் ரொயலும் 1985இல் விளக்கினர். முதல் வகை, கோர்ட்டிசோல் சிறிதளவே இருக்கும்போதும் அதைப் பற்றிக்கொள்வது. இரண்டாம் வகை, அளவு உயரும்போது மட்டுமே நிரம்புவது. முதல் வகை நிரம்பியும் இரண்டாம் வகை ஓரளவு நிரம்பியும் இருக்கும் நிலையில் நினைவு நன்றாக வேலை செய்கிறது. இரண்டும் காலியாக இருந்தாலும் கெடுகிறது, இரண்டும் ததும்பி வழிந்தாலும் கெடுகிறது. மழையே இல்லாவிட்டாலும் அடைமழை பெய்தாலும் கொழுந்து வாடுவதைப் போன்றதே இது. டெக்ஸாமெதசோன் போன்ற செயற்கை ஸ்டீரொயிட்டுகள் பெரும்பாலும் இரண்டாம் வகையையே நாடுவதாலும், உடலின் சொந்தக் கோர்ட்டிசோல் சுரப்பை அடக்கிவிடுவதாலும், ஒரு வாங்கி வழியவும் மற்றொன்று வெறுமையாகவும் நிற்கும் சமனற்ற நிலை தோன்றக்கூடும்.

இதன் விளைவை ஆரோக்கியமானவர்களிடமே சோதித்த ஆய்வுகள் உண்டு. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் கோர்ட்டிசோலை நான்கு நாட்கள் உட்கொண்டவர்கள், தமக்கு வாசித்துக் காட்டப்பட்ட பத்தியை முன்போல் திருப்பிச் சொல்ல இயலாமல் தடுமாறினர்; மருந்தை நிறுத்திய சில நாட்களில் அந்தத் தடுமாற்றம் மறைந்தது. 160 மில்லிகிராம் கோர்ட்டிசோல் என்பது 40 மில்லிகிராம் பிரெட்னிசலோனுக்கு, அதாவது மேற்சொன்ன எட்டு மாத்திரைகளுக்குச் சமமானது என்பதால், சிகிச்சையின் முதற்படியில் நிற்கும் நோயாளியின் மறதி கற்பனையன்று என்பதும், அது நிலைத்து நிற்பதன்று என்பதும் இந்த ஒரே ஆய்வால் விளங்குகின்றன. அடுத்த ஆண்டு டொமினிக் டி கெர்வேனும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது: முதல்நாள் சொற்களை மனப்பாடம் செய்தவர்களுக்கு மறுநாள் சோதனைக்குச் சற்று முன்னர் 25 மில்லிகிராம் கோர்ட்டிசோன் கொடுத்தபோது, சொற்களை நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் திறன் குறைந்தது, அதே மருந்தை மனப்பாடம் செய்வதற்கு முன்போ செய்த உடனேயோ கொடுத்தபோது அவ்வாறு குறையவில்லை. பதிந்த நினைவு அழிந்துபோகவில்லை, அதை எடுத்துக் கொடுக்கும் வழிதான் அடைபடுகிறது என்பதே இதன் பொருள். வைத்த பொருள் பெட்டிக்குள்ளேயே இருக்க, திறவுகோல் கைக்கு அகப்படாமல் போவதைப் போன்ற இந்நிலையில், எழுதி வைத்த ஒரு வரியோ பக்கத்திலிருப்பவரின் ஒரு சொல்லோ திறவுகோலாகிவிடுகிறது.

மாதக்கணக்கில் மருந்து தொடரும்போது மாற்றம் வேதியியலோடு நிற்காமல் உருவத்திலும் தெரிகிறது. மிகையான ஸ்டீரொயிட் பெற்ற எலிகளில், மரக்கிளைகளைப் போல் பரந்திருக்கும் ஹிப்போகம்பஸ் நரம்புக்கலங்களின் நுனிக்கிளைகள் சுருங்குவதையும், அங்கே புதிய நரம்புக்கலங்கள் பிறப்பது குறைவதையும் 1990களின் தொடக்கத்தில் மெக்யூவனின் ஆய்வுக்கூடம் காட்டியது. மனிதர்களிடத்தில், குறைந்தது ஆறு மாதங்கள் பிரெட்னிசோன் எடுத்த 17 பேரை மருந்தெடுக்காத 15 பேரோடு ஒப்பிட்ட ஷெர்வூட் பிரௌனின் டெக்ஸஸ் குழு, மருந்தெடுத்தவர்களின் ஹிப்போகம்பஸ் சிறிதாகவும், சொல்நினைவு குறைவாகவும் இருப்பதை 2004இல் அறிவித்தது. ஆயினும் சுருங்கிய கிளை பட்டுப்போன கிளையன்று. உடலே கோர்ட்டிசோலை மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சையால் அந்த ஓமோன் தணிந்தபின், அவர்களது ஹிப்போகம்பஸ் மீண்டும் பருத்ததை 1999இல் மோனிகா ஸ்டார்க்மனின் குழு படமெடுத்துக் காட்டியது. கவாத்து வெட்டிய தேயிலைச் செடி மீண்டும் துளிர்ப்பதைக் கண்டு பழகியவர்களுக்கு இந்த மீட்சி புதிதாகத் தோன்றாது. துளிர்க்கக் காலம் வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே.

மனம் மாறும் விதம்

மனநிலை மாற்றம் பெரும்பாலும் முதல் ஓரிரு வாரங்களுக்குள் வெளிப்படுகிறது. குறுகிய காலத்துக்கு அதிக அளவு எடுப்பவர்களிடம் மிகைக்களிப்பு, ஓயாத பேச்சு, பரபரப்பு, எரிச்சல், உறக்கமின்மை ஆகியவையும், நெடுங்காலம் எடுப்பவர்களிடம் சோர்வும் நாட்டமின்மையும் அழுகையும் மிகுதியாகக் காணப்படுகின்றன. மிகச் சிலரிடம் இல்லாத குரல் கேட்பதும், காரணமற்ற சந்தேகமும், இடம் காலம் தெரியாத குழப்பமும் வரலாம். பிரித்தானியப் பொது மருத்துவப் பதிவுகளைக் கொண்டு லோரன்ஸ் ஃபார்டே குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அதே நோய்கள் இருந்தும் ஸ்டீரொயிட் பெறாதவர்களோடு ஒப்பிடும்போது, பெற்றவர்களிடம் மிகைக்களிப்பு நோய் நான்கு மடங்குக்கு மேலும், மனக்குழப்ப நிலை ஏறத்தாழ ஐந்து மடங்கும், தற்கொலையும் தற்கொலை முயற்சியும் ஏறத்தாழ ஏழு மடங்கும் மிகுந்திருந்ததைக் காட்டியது. இவை அரிதாக நிகழ்பவையே; அரியதொன்றின் ஏழு மடங்கும் பெரும்பாலானவர்களை அணுகுவதில்லை. எனினும் உயிரோடு தொடர்புடைய அபாயம் என்பதால், மருந்து தொடங்கும் நாளிலேயே இதை வீட்டாரிடம் சொல்லி வைப்பது மருத்துவத்தின் கடமைகளுள் ஒன்றாகிறது.

சொல்லி வைக்காதபோது என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இரண்டு இரவுகள் உறங்காமல், அறையைத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டும் இடைவிடாமல் பேசிக்கொண்டும் இருக்கும் ஒருவரை, காத்து கறுப்பு அண்டிவிட்டது என்று கோடாங்கியிடம் அழைத்துச் செல்வதும், வேலைக்கு மனம் வராமல் சுருண்டு கிடப்பவரைச் சோம்பேறி என்று ஏசுவதும் தோட்டப்புறங்களில் புதுமையானவை அல்ல. ஆறுதல் தேடுவதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் விழுங்கும் மருந்தின் பக்கம் எவருடைய கவனமும் திரும்பாமல் நாட்கள் கடந்துவிடுவதே தீங்காகிறது. ‘இந்த மாத்திரையால் தூக்கம் கெடலாம், கோபம் வரலாம், மனம் சோரலாம், அப்படி வந்தால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் வந்துவிடுங்கள்’ என்று முன்கூட்டிச் சொல்லப்பட்ட குடும்பம், அதே காட்சியை வேறு கண்ணோடு பார்க்கிறது.

தடுமாற்றம் எல்லாம் மருந்தால் வந்ததாகவும் கொள்ளலாகாது. ஸ்டீரொயிட் இரத்தத்தில் சீனியை உயர்த்துவதாலும், கிருமித்தொற்றை எளிதாக்கி அதன் காய்ச்சலை மறைப்பதாலும், அவ்விரண்டுமே புத்தியைக் கலங்கச் செய்யக்கூடியவை என்பதாலும், குழம்பிப் பேசும் நோயாளியின் இரத்தத்தை முதலில் சோதிக்க வேண்டியிருக்கிறது. லூபஸ் நோயாளியிடத்தில் சிக்கல் இன்னும் கூர்மையானது: அந்நோய் மூளையையே தாக்கக்கூடியதாதலால், மனம் பிறழ்ந்தால் காரணம் நோயா மருந்தா என்ற வினா எழுகிறது, நோயெனில் ஸ்டீரொயிட்டைக் கூட்ட வேண்டும், மருந்தெனில் குறைக்க வேண்டும். எதிரெதிர்த் திசையில் செல்லும் இந்த இரு வழிகளுள் ஒன்றைத் தெரிவதற்கு, மாற்றம் எந்த நாளில் தொடங்கியது, அன்று எத்தனை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார் என்னும் எளிய இரண்டு விவரங்கள் பெருந்துணை செய்கின்றன.

குழந்தைகளின் கணக்கு

நெஃப்ரோடிக் நோயுள்ள குழந்தைகள் ஸ்டீரொயிட்டை வாரக்கணக்கில் எடுத்து, நோய் அடங்கியபின் குறைத்து நிறுத்தி, தடிமன் காய்ச்சல் ஏதேனும் வந்து நோய் திரும்பும்போது மறுபடி தொடங்குவதாக, ஆண்டுகள் பலவற்றை இம்மருந்தோடு கழிக்கின்றனர். பேராதனையைச் சேர்ந்த சிறுவர் மருத்துவப் பேராசிரியர் ஆசிரி அபேகுணவர்தன, லண்டனின் ரிச்சர்ட் டிரொம்பெட்டருடன் 2008இல் வெளியிட்ட இலங்கை ஆய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்தெடுக்கும் குழந்தைகளுக்குத் தொற்று வந்த சில நாட்கள் மட்டும் நாள்தோறும் மருந்து கொடுத்தால் நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டியதால், உலகெங்கும் கவனிக்கப்பட்டது. சில நாள் மருந்தைக் கூட்டி, பல வார மருந்தைத் தவிர்ப்பது என்னும் இந்தக் கணக்கை, பிரித்தானியாவில் பின்னர் நடந்த பெரிய ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. எனினும், குழந்தை வளர்ந்து முடிவதற்குள் விழுங்கும் மொத்த அளவைக் குறைப்பதற்கான வழியைத் தேடும் இத்தகைய முயற்சி, சிறுநீரகத்தைப் பற்றியதாகத் தொடங்கினாலும், வளரும் மூளையைப் பற்றியதாகவும் ஆகிவிடுகிறது.

இந்நோயில் கவனிக்க வேண்டிய வேறொரு நுட்பமும் உண்டு. இரத்தத்தில் ஓடும் பிரெட்னிசலோனின் பெரும்பகுதி அல்புமின் முதலிய புரதங்களோடு ஒட்டிக்கொண்டே செல்கிறது. ஒட்டாமல் தனித்து ஓடும் பகுதியே கலங்களுக்குள் நுழைந்து வேலை செய்கிறது. அல்புமின் சிறுநீரில் கழிந்து குறைந்தவர்களிடமும், ஊட்டமின்மையாலோ ஈரல் நோயாலோ குறைந்தவர்களிடமும், அதே எண்ணிக்கை மாத்திரை கூடுதலான வேகத்தோடு செயற்படுகிறது. அல்புமின் 100 மில்லிலீற்றருக்கு 2.5 கிராமுக்குக் கீழ் இறங்கியவர்களிடம் பக்கவிளைவுகள் இருமடங்காக இருந்ததை 1971லேயே ஓர் ஆய்வு குறிப்பிட்டது. ஆகவே, மாத்திரை தொடங்கியபின் அடம்பிடித்து அழும், இரவில் உறங்காத, பாடத்தில் மனம் செலுத்தாத பிள்ளையைத் தண்டிப்பதற்கு முன், மருந்து நடக்கும் மாதங்கள் இவை என்பதைப் பெற்றோரோடு வகுப்பாசிரியரும் அறிந்திருப்பது நல்லது.

காக்கும் வழிகள்

மூளையைக் காக்க மற்றொரு மாத்திரையைச் சேர்த்துக் கொடுக்கலாமா என்ற வினா அரை நூற்றாண்டாகக் கேட்கப்பட்டு வருகிறது. 1979இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அதிரீனலைத் தூண்டும் ஊசிமருந்தோடு லித்தியமும் பெற்ற 27 பேரில் ஒருவருக்கும் மனப்பிறழ்வு ஏற்படவில்லை. லித்தியம் பெறாத 44 பேரில் ஆறு பேருக்கு ஏற்பட்டது. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடோயின் எலிகளின் நரம்புக்கிளைகள் சுருங்காமல் காத்ததைக் கண்டு, பிரௌனின் குழு அதை நோயாளிகளிடம் சோதித்தபோது, மிகைக்களிப்பு ஓரளவு தணிந்தது. லமொட்ரிஜின், மெமன்டைன் ஆகியவையும் சிறு குழுக்களிடம் சோதிக்கப்பட்டன. நெதர்லாந்தில், டெக்ஸாமெதசோன் பெறும் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு, வெறுமையாகிவிட்ட முதல்வகை வாங்கிகளை நிரப்பும் நோக்குடன் உடலின் இயற்கை ஓமோனையே சிறிதளவு சேர்த்துக் கொடுத்த 2016ஆம் ஆண்டு ஆய்வு பெரும் நம்பிக்கையை எழுப்பியது. பின்னர் நடந்த ஆய்வில் அந்நம்பிக்கை மெய்ப்படவில்லை. லித்தியம் உப்பும் சிறுநீரகமும் சார்ந்த அபாயங்களை உடையது. ஃபெனிடோயின் ஸ்டீரொயிட்டையே விரைவாகச் சிதைத்து அதன் பயனைக் குறைத்துவிடுவது. ஆகவே அனைவருக்கும் முன்காப்பாகக் கொடுக்கத்தக்க மருந்தென்று இன்று எதுவும் வழக்கத்தில் இல்லை. மனப்பாதிப்பு வெளிப்பட்ட பின்னரே, ஸ்டீரொயிட்டைக் குறைப்பதோடு, தேவைப்படின் ஒலான்சபின் போன்ற மருந்துகளை மனநல மருத்துவர் சேர்க்கிறார்.

எஞ்சி நிற்பவை எளிய வழிகளே. ஆனால் அவற்றின் பலன் எளியதன்று. நோயை அடக்கப் போதுமான மிகக் குறைந்த அளவை, மிகக் குறுகிய காலத்துக்கு எடுப்பது முதலாவது. ஆஸ்துமாவில் மாத்திரையைத் தவிர்த்து உள்ளிழுக்கும் பம்பை ஒழுங்காகப் பயன்படுத்தினால், மில்லிகிராம் கணக்கு மைக்கிரோகிராம் கணக்காக, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு அலகில் அளக்கும் கணக்காக, இறங்கிவிடுகிறது. லூபஸிலும் மூட்டுவாதத்திலும் அசாதியோபிரின், மெதொட்ரெக்சேட் போன்ற துணை மருந்துகள் ஸ்டீரொயிட்டின் சுமையைத் தாங்கிக்கொள்கின்றன. இரண்டாவது, மருந்தெடுக்கும் வேளை: உடலின் சொந்தக் கோர்ட்டிசோல் காலையில் உச்சம் பெறுவதால், மாத்திரையையும் காலை உணவோடு எடுத்துக்கொண்டால் இரவு உறக்கம் பெரும்பாலும் காக்கப்படுகிறது, உறக்கம் காக்கப்பட்டால் நினைவிலும் மனநிலையிலும் பாதி காக்கப்பட்டதாகும். விடியுமுன் இறப்பர் வெட்டச் செல்பவர் வெறும் வயிற்றோடு போய், மாத்திரையை மாலைக்குத் தள்ளி வைப்பது இவ்விடத்தில்தான் தீங்காகிறது. மூன்றாவது, வேறு மருந்துகளைப் பற்றிச் சொல்வது: கிளாரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்றவை ஸ்டீரொயிட்டை உடலில் தேங்கச் செய்கின்றன, காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை விரைவில் வெளியேற்றுகிறது. மருத்துவர் சிட்டையின்றிக் கடையில் வாங்கும் மாத்திரையும், உடனே வலிபோக்கும் என்று விற்கப்படும் பெயரற்ற பொடியும் தம்முள் ஸ்டீரொயிட்டைக் கொண்டிருக்கக்கூடும் என்பதால், அவையும் கணக்கில் வர வேண்டும்.

எல்லாவற்றிலும் கண்டிப்பானது, மனம் மாறியது என்று அஞ்சி மருந்தைத் திடீரென நிறுத்தாமை. மூன்று வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீரொயிட் பெற்ற உடலில் அதிரீனல் சுரப்பி தன் வேலையை மறந்து உறங்கிக் கிடக்கிறது. மாத்திரை நின்ற மறுநாளே அது விழித்துக்கொள்வதில்லை. அந்த இடைவெளியில் இரத்த அழுத்தம் சரிந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். திடீர் நிறுத்தத்தாலேயே கடுஞ்சோர்வும் குழப்பமும் வருவதும் உண்டு. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் போட்ட படிகளின் வழியாகவே நடக்க வேண்டும்.

அந்தப் படிகளை நினைவில் வைத்திருப்பதுதான் முதலில் சொல்லப்பட்ட சிக்கல். மாத்திரையைப் போட்டுத் தரும் சிறு தாளுறையின் மேல் எழுதப்படும் குறிப்பு, சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்குமாயின், தமிழ் மட்டும் வாசிக்கும் வீட்டில் அது எழுதப்படாததற்குச் சமம். எட்டு, ஆறு, நான்கு என்பவற்றை வட்டங்களாக வரைந்து, எதிரே திகதியையும் இட்டுத் தரும்படி கேட்பதில் நோயாளி கூச்சப்பட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் நாட்காட்டியில், மாத்திரை எண்ணிக்கை மாறும் நாட்களை முன்கூட்டியே வட்டமிட்டு, ஒவ்வொரு நாளும் விழுங்கியபின் அந்நாளின் மேல் ஒரு கோடு போடுவது, ‘காலையில் போட்டேனா இல்லையா’ என்ற ஐயத்தையும், அந்த ஐயத்தால் இருமுறை விழுங்குவதையும் தவிர்க்கிறது. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில், உறக்கம் எப்படி, கோபம் எப்படி, மறதி எப்படி என்று வாரத்துக்கு ஒருவரி எழுதி வைக்கும் வேலையைப் பள்ளி செல்லும் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். ஒருநாள் சம்பளமான ‘பேரை’ இழந்து கிளினிக்குக்குச் செல்பவருக்கு அங்கே கிடைக்கும் சில நிமிடங்களில், அந்த நான்கு வரிகள் அவரது நினைவுக்குப் பதிலாகப் பேசும். மனம் மிகவும் சோர்ந்து, வாழ்வில் பற்றின்மை குறித்த பேச்சு வருமாயின், கிளினிக் நாள் வரை பொறுத்திராமல் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வதோடு, தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணையும் நாடலாம்.

கடைசி மாத்திரை விழுங்கப்பட்ட பின்னரும் இந்தப் பதிவைக் களைந்துவிடக் கூடாது. மூளையின் கிளைகள் மீண்டும் படர்வதைப் போலவே, உறங்கிக் கிடந்த அதிரீனல் முழுவதும் விழித்தெழவும் சிலருக்கு மாதங்கள் செல்கின்றன. அதற்குள் ஒரு விபத்தோ அறுவைச் சிகிச்சையோ கடுங்காய்ச்சலோ நேர்ந்தால், அவசரச் சிகிச்சைப் பிரிவில் நிற்கும் புதிய மருத்துவர் முதலில் அறிய வேண்டியது, இவர் கடந்த ஓராண்டுக்குள் ஸ்டீரொயிட் எடுத்தவரா, எவ்வளவு எடுத்தவர் என்பதே. நோயாளி மயங்கிக் கிடக்கும் அந்த வேளையில் அதற்கு விடை சொல்லக்கூடியது, ஓரம் மடங்கிய அந்தக் கிளினிக் கொப்பியும், அது வீட்டில் எங்கே இருக்கிறது என்று அறிந்த ஒருவரும்தான்.